திடீர் வயிற்றுவலிக்கு எந்த ஸ்கேன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை ஸ்கேன் மேசையில் படுக்க வைக்கும்போது, அவரோடு வந்தவர்கள் கதவோரம் நின்று கேட்கும் கேள்விகளுக்கு முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை. மாவட்டத் தலைநகர் ஒன்றில் ரேடியாலஜிஸ்டாக, அதாவது ஸ்கேன் செய்து படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவராக, பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பாதியில் அறுந்துபோன அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில மணி நேரத்துக்குள் தொடங்கி ஆளைச் சுருட்டிப் போடுகிற வலியைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். மாதக்கணக்கில் வந்து வந்து போகும் வலி வேறு கதை.

வலி தாங்க முடியவில்லை. நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய்விடலாமா?

வேண்டாம். அறுவை சிகிச்சை மருத்துவர் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்க முடியவில்லை என்றாலோ, வியர்த்துக் கொட்டித் தலை சுற்றினாலோ 108-ஐ அழையுங்கள்.

ஸ்கேன் சென்டரில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்கிறவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவர், டோக்கன் வாங்கிக்கொண்டு நாற்காலியில் காத்திருந்து அங்கேயே சரிந்துவிடக்கூடும். இன்னொரு காரணமும் உண்டு. வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, வாந்தி முதலில் வந்ததா வலி முதலில் வந்ததா, வயிறு பலகைபோல் விறைத்திருக்கிறதா என்று கேட்டும் தொட்டும் பார்த்த பிறகுதான் எந்தப் படம் எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, பிறகு வலது அடிவயிற்றில் வந்து நிலைத்த வலி என்றால் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) சந்தேகம். வலது விலாவுக்குக் கீழே, விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த வலி என்றால் பித்தப்பை. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவினால் கணையம். இடுப்பின் பக்கவாட்டிலிருந்து தொடைச் சந்துக்கு இறங்கினால் சிறுநீர்க் குழாயில் கல். இந்த வழிகாட்டல் இல்லாமல் ‘முழு வயிறு ஸ்கேன்’ என்று மட்டும் எழுதிய சீட்டோடு வரும்போது, எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடுகிறேன். அப்படித் தேடுகிறபோது தவறவிடும் வாய்ப்பு அதிகம்.

வயிற்றுவலி என்று போனால் இ.சி.ஜி. எடுத்தார்கள். எதற்கு?

மாரடைப்பு சிலருக்கு மேல்வயிற்று வலியாகவே வரும். இதயத்தின் அடிப்பகுதி பாதிக்கப்படும்போது நெஞ்சில் ஒன்றும் இல்லாமல், ‘வாயு பிடித்துக்கொண்டது’ என்று சொல்லும்படியான வலி மட்டும் இருக்கும். நீரிழிவு உள்ளவர்களிடமும் முதியவர்களிடமும் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம். சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வருகிறவர்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறி ரத்தத்தில் அமிலம் கூடும்போதும் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். அதற்குத் தேவை ரத்தப் பரிசோதனையும் இன்சுலினும்தான்.

எங்கள் பகுதி மருத்துவர்கள் மறக்கக்கூடாத இன்னொன்று கட்டுவிரியன் கடி. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை இரவில் கடித்துவிட்டுப் போய்விடும். கடிபட்டது அவருக்கே தெரியாது. பல்தடமும் பெரும்பாலும் கண்ணுக்குப் படாது, வீக்கம் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை வலி என்று எழுவார். சிறிது நேரத்தில் இமைகள் தொங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஸ்கேன் வாசலில் வரிசையில் நிற்பது உயிரோடு விளையாடுவது. நேற்றுவரை நன்றாக இருந்தவர், தரையில் படுத்துத் தூங்கியவர், அதிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணைத் திறக்க முடியவில்லை என்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது பாம்பு விஷமுறிவு மருந்து. ‘இரவு எங்கே படுத்திருந்தார்’ என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

இந்தக் காலத்திலும் எக்ஸ்ரே எதற்கு? பழைய முறை அல்லவா?

ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல். பழையதுதான், ஆனால் இரண்டு விஷயங்களுக்கு இன்றும் உதவுகிறது.

முதலாவது, இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிய ஒருவருக்கு, திடீரென்று கத்தியால் குத்தியதுபோல் மேல்வயிற்றில் வலி வருகிறது. அசையாமல் படுத்திருக்கிறார், மூச்சை இழுக்கவே பயப்படுகிறார். அவரைச் சில நிமிடங்கள் நிமிர்ந்து உட்கார வைத்து மார்பு எக்ஸ்ரே எடுக்கிறோம். ஓட்டை வழியாக வெளியேறிய காற்று மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குக் கீழே போய் நிற்கும். படத்தில் வலப்பக்கம் கல்லீரலின் வெள்ளை நிழலுக்கு மேலே மெல்லிய கறுப்புப் பிறை ஒன்று தெரியும். அவ்வளவு சின்னக் கீற்றுதான். அதைப் பார்த்ததும் போனை எடுத்து அறுவை சிகிச்சை மருத்துவரை அழைத்துவிடுவேன். அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருப்பதில்லை. வயிற்றுவலிக்கு ஏன் மார்பைப் படம் எடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். படுத்தபடி எடுத்தால் இந்தப் பிறை தெரியாமல் போகும். நிமிர்த்தி எடுத்தும் தெரியாமல் போகிறவர்கள் உண்டு. அதனால் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதற்காக ஓட்டை இல்லை என்று முடிவு கட்டமுடியாது. சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இரண்டாவது குடலடைப்பு. வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல், வாந்தி நிற்காமல் இருந்தால் வயிற்றை எக்ஸ்ரே எடுப்போம். சிறுகுடல் 3 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அடைப்பைச் சந்தேகிப்போம். முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குக் குடல் ஒட்டிக்கொள்வதாலும், குடலிறக்கம் இருப்பவர்களுக்கு அதில் குடல் மாட்டிக்கொள்வதாலும் இது வரும். இப்படிப்பட்டவருக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கப் பார்ப்பது ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

அல்ட்ராசவுண்டில் எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது. ஆனால் தெரிகிற இடங்களில் மிக நன்றாகத் தெரியும்.

கிளாஸ்கோ நகரத்தில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட ஒலியலைக் கருவியை மனித வயிற்றின் பக்கம் திருப்பினார். இரைப்பைப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது நீர் நிறைந்த பெரிய சினைப்பைக் கட்டி என்று அந்தக் கருவி காட்டியது. அறுவை சிகிச்சை செய்து அதை அகற்றினார்கள். அந்த ஆய்வு 1958-இல் வெளியானது. நீரும் கல்லும் அல்ட்ராசவுண்டுக்கு எளிதாகச் சிக்கும் என்பதை அன்று கண்டது இன்றும் மாறவில்லை. பித்தப்பைக் கற்களைப் பொறுத்தவரை சி.டி.யைவிட இதுவே மேல், சி.டி.யில் தெரியாத கற்களும் இதில் பளிச்சென்று தெரியும். சிறுநீரக வீக்கம், கருப்பை, சினைப்பை, வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம் ஆகியவற்றையும் நன்றாகக் காட்டும்.

காற்றுதான் இதற்குப் பகை. ஒலியலை காற்றைத் தாண்டாது. குடலில் வாயு நிறைந்தவருக்கு அதன் பின்னால் இருக்கும் கணையம் மூடுபனிக்குள் மறைந்த ஊர்போல் ஆகிவிடும். பருமனான உடலிலும் படம் மங்கும்.

குடல்வால் அழற்சி என்று சந்தேகித்தார்கள். ‘குடல்வால் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்படியானால் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு வரியால் ஏமாந்து வீட்டுக்குப் போனவர்கள் பலர்.

நாங்கள் அதைத் தேடும் விதத்தைச் சொல்கிறேன். ‘ஒரே விரலால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்’ என்பேன். பெரும்பாலும் அவர் விரல் வைத்த இடத்துக்கு நேர் கீழேதான் இருக்கும். ஜெல் தடவி, ஸ்கேன் கருவியில் கையால் பிடித்து நகர்த்தும் பகுதியான புரோபை வைத்து, மூச்சு விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போவேன். சாதாரணக் குடல் அழுத்தத்தில் நசுங்கி, உள்ளே இருந்த காற்று பக்கத்துக்கு விலகிவிடும். அழற்சி கண்ட குடல்வால் மட்டும் நசுங்காமல், ஒருமுனை மூடிய குழாய்போல் விறைத்து நிற்கும். குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். சுற்றிலும் உள்ள கொழுப்பு வெளுத்துத் தெரியும். சில நேரம் உள்ளே சின்னக் கல்லாக இறுகிய மலமும் இருக்கும். படிப்படியாக அழுத்தும் இந்த முறையை டச்சு மருத்துவர் பைலார்ட் 1986-இல் எழுதிக் காட்டினார். வலிக்கிற இடத்திலேயே அழுத்துகிறாரே என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழுத்தம் இல்லாமல் விடை கிடைப்பதில்லை.

குடல்வால் சிலருக்குப் பெருங்குடலின் பின்னால் மறைந்திருக்கும். சிலருக்கு இடுப்புக் கூட்டுக்குள் தொங்கும். அப்போது எவ்வளவு தேடினாலும் அகப்படாது. ‘தெரியவில்லை’ என்றால் பார்க்க முடியவில்லை என்று மட்டுமே பொருள். ‘தெரிந்தது, இயல்பாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் அது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். வலியும் காய்ச்சலும் தொடர்ந்தால் மருத்துவமனையிலேயே இருந்து மறுபடி பரிசோதிக்க வேண்டும், அல்லது சி.டி. எடுக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டுக்கு வெறும் வயிறா? சிறுநீரை அடக்க வேண்டுமா?

திட்டமிட்டு வருகிறவர்களுக்குத்தான் இந்த விதிகள். அவசரத்தில் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள். ஆனால் கடும் வலி தொடங்கிய பிறகு எதையும் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க நேரலாம்.

ஒரு ஸ்கேன் எடுத்தாயிற்று. சி.டி. எதற்கு? பணம் பிடுங்கவா?

இந்தச் சந்தேகம் எழுவதை நான் குறை சொல்லமாட்டேன். தேவையில்லாத ஸ்கேன்கள் நடக்கின்றன. ‘இந்தப் படத்தில் என்ன தெரிந்தால் சிகிச்சை எப்படி மாறும்?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் தயங்காமல் எடுங்கள்.

சி.டி. என்பது உடலைச் சுற்றி எக்ஸ் கதிரைச் சுழற்றி, ரொட்டித் துண்டுபோல் குறுக்குவெட்டுப் படங்களாகக் காட்டும் கருவி. லண்டன் மருத்துவமனை ஒன்றில் 1971 அக்டோபரில் முதல் நோயாளிக்கு மூளையைப் படம் பிடித்தார்கள். அதை வடிவமைத்த பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றைய கருவிக்கு முழு வயிற்றையும் எடுக்கச் சில விநாடிகள் போதும். ஒருமுறை மூச்சைப் பிடித்து விடுவதற்குள் முடிந்துவிடும். குடலடைப்பு எந்த இடத்தில், எதனால் என்பதை அது காட்டும். ஓட்டை வழியே கசிந்த ஊசிமுனையளவு காற்றுக் குமிழியையும் காட்டும்.

ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் சி.டி. எடுக்க வேண்டிய நோய் ஒன்று உண்டு. குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. பெரும்பாலும் வயதானவர், இதயத்துடிப்பு சீராக இல்லாதவர். வலியில் துடிக்கிறார், ஆனால் வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, அல்ட்ராசவுண்டில் வாயு மட்டும். ‘பெரியவர் சும்மா பயப்படுகிறார்’ என்று வீட்டாரும் நினைக்கிறார்கள். சில மணி நேரத்தில் குடல் கறுத்து அழுகத் தொடங்கிவிடும். ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் மட்டுமே இதை நேரத்தோடு பிடிக்கும். தொட்டால் தெரியும் வலியைவிட அவர் சொல்லும் வலி பல மடங்கு அதிகமாக இருந்தால், அவர் சொல்வதை நம்புங்கள்.

சி.டி.யில் ஊசி போடும் மருந்து கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே?

ரத்தக்குழாய்களையும் உறுப்புகளையும் பிரித்துக் காட்டுவதற்காக அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் செலுத்துகிறோம். உடம்பெல்லாம் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும். போயிருக்காது. அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் அந்த உணர்வு அடங்கிவிடும். முன்பே சொல்லாவிட்டால் பலர் பயந்து அசைந்துவிடுகிறார்கள், படமும் கலங்கிவிடுகிறது.

சிறுநீரகம் நன்றாக இயங்குகிறவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஏற்கெனவே சிறுநீரகம் கணிசமாகப் பழுதானவர்களிடம்தான் கவனம் தேவை. அதற்காகவே சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கிறோம். ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலையில் அந்த முடிவுக்காகக் காத்திருக்காமல் எடுப்பதும் உண்டு. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஸ்கேனுக்குப் பின் 48 மணி நேரம் அதை நிறுத்திவைக்கச் சொல்வோம். முன்பு இதே ஊசிக்கு உடம்பு தடித்தது, மூச்சு திணறியது என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். மீனும் இறாலும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை.

சி.டி. எடுத்தால் புற்றுநோய் வருமா?

வயிற்று சி.டி. ஒன்றில் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு உடலில் சேரும். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் இயல்பாக நம்மேல் படுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆகவே ஒரு சி.டி. மூன்று நான்கு ஆண்டுகளில் இயற்கை தருவதை ஒரே நேரத்தில் தருகிறது. இதனால் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிதளவு கூடும் என்று கருதியே நாங்கள் நடந்துகொள்கிறோம். வெடித்த குடல்வாலோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் வேலையாக சி.டி. எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். வாழ வேண்டிய ஆண்டுகள் அதிகம், திசுக்களும் இளையவை. சென்ற மாதம்தான் எடுத்தது என்றால் அந்தப் படத்தைக் கொண்டுவாருங்கள். எக்ஸ்ரேயின் அளவு மிகக் குறைவு. அல்ட்ராசவுண்டிலும், காந்தத்தைக் கொண்டு படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.

அப்படியானால் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே?

அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். வலியில் புரளுகிறவரால் முடியாது. பித்தநாளத்தில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதிலும், கர்ப்பிணிகளிடத்திலும் இதன் உதவி பெரிது.

கர்ப்பிணிக்குக் கடும் வயிற்றுவலி. எந்த ஸ்கேன் பாதுகாப்பானது?

முதலில் அல்ட்ராசவுண்ட். வளரும் கருப்பை குடல்வாலை மேலே தள்ளிவிடுவதால், வலியும் வழக்கமான இடத்தில் இல்லாமல் சற்று மேலே இருக்கலாம். அல்ட்ராசவுண்டில் விடை கிடைக்காவிட்டால், கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் எம்.ஆர்.ஐ. அதற்கு வசதி இல்லாத இடத்தில் தாயின் உயிர் கேள்வியாகும்போது சி.டி. எடுப்பதும் சரியான முடிவுதான். ஒருமுறை எடுக்கும் வயிற்று சி.டி.யில் கருவுக்குச் சேரும் அளவு, ஊனத்தை உண்டாக்கும் என்று அஞ்சப்படும் அளவுக்குக் கீழேதான் இருக்கும். சிகிச்சை தாமதமாகிக் குடல்வால் வெடித்தால் குழந்தையை இழக்கும் அபாயம் அதைவிடப் பன்மடங்கு.

ஸ்கேனுக்கு முன் படிவம் ஒன்றை நிரப்பிக் கையெழுத்து கேட்பார்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது கட்டாயம். வலியில் இருக்கும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் அதைத் தவிர்க்க முடியாது. பெண் சிசுக்களைக் காப்பதற்காக வந்த அந்தத் தாளை நான் மனதார மதிக்கிறேன்.

என் மகளுக்குத் திருமணம் ஆகவில்லை. கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்களே?

உங்கள் மனம் நோவது புரிகிறது. ஆனால் பூப்பெய்திய பிறகு மாதவிடாய் நிற்கும்வரை, கடும் வயிற்றுவலியோடு வரும் எல்லாப் பெண்களுக்கும் செய்யும் பரிசோதனை அது. உங்கள் மகளைக் குறித்த தீர்ப்பு அல்ல. கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் வளர்ந்தால் ஒரு கட்டத்தில் குழாய் வெடிக்கும். வயிற்றுக்குள் ரத்தம் பாயும். வெளியே சொட்டு ரத்தம்கூடத் தெரியாமல் போகலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்து, அல்ட்ராசவுண்டில் கருப்பை வெறுமையாகவும் சுற்றிலும் ரத்தம் தேங்கியும் இருந்தால் அடுத்த நிமிடமே அறுவை அரங்கு.

பெற்றோரிடம் என் வேண்டுகோள் ஒன்று: மருத்துவர் மகளிடம் தனியாகப் பேசவேண்டும் என்றால் சற்று நேரம் வெளியே நில்லுங்கள். உங்கள் முன்னால் உண்மையைச் சொல்ல முடியாத பெண், அதைச் சொல்லாததாலேயே இறந்துபோகக் கூடாது.

சினைப்பை முறுக்கிக்கொள்வதும் இளம்பெண்களுக்கு வரும். வலப்பக்கம் வந்தால் குடல்வால் வலி போலவே இருக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டில் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சினைப்பை வீங்கியிருந்து வலியும் பொருந்தினால் மருத்துவர் அறுவை சிகிச்சைக்குப் போகலாம்.

கைக்குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுகிறது. குடலேற்றம் என்று எண்ணெய் தடவி நீவிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும். உள்பக்கமாக மடிந்துபோன சட்டைக் கையை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை காலை மடக்கிக்கொண்டு சில நிமிடம் வீறிடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும். அந்த அமைதியைப் பார்த்து நீவியதால் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் மறுபடி வரும். பச்சை வாந்தியும், சளியோடு ரத்தம் கலந்த மலமும் பின்னால் வருகின்றன. அதுவரை காத்திருக்கக் கூடாது.

இதற்கு அல்ட்ராசவுண்டே போதும். புரோபை வைத்தால் வட்டத்துக்குள் வட்டமாக, வெட்டிய வெங்காயம்போல் தெரியும். நேரத்தோடு வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தியே வைக்க வேண்டியதில்லை. ஆசனவாய் வழியாக உப்புநீரையோ காற்றையோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, செருகிய குடலைப் பின்னோக்கித் தள்ளிவிடலாம். உப்புநீர் ஏற ஏற, அந்த வட்டம் பின்வாங்கிக்கொண்டே போய்ச் சட்டென்று மறைவதைத் திரையில் பார்ப்பேன். அழுதுகொண்டிருந்த குழந்தை அந்த மேசையிலேயே தூங்கிவிடும். என் வேலையில் இதைவிட நிறைவான காட்சி வேறில்லை. தாமதமாகிக் குடல் அழுகிவிட்டாலோ ஓட்டை விழுந்துவிட்டாலோ இது முடியாது, அறுவை சிகிச்சைதான்.

பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரை முறுக்கிக்கொண்டாலும் அடிவயிற்றில்தான் வலிக்கிறது என்பார்கள். வெட்கத்தால் மற்றதைச் சொல்லமாட்டார்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். டவுசரைக் கழற்றிப் பார்க்காமல் வயிற்றுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்து அனுப்பினால் அந்த நேரம் போய்விடும்.

சிறுநீரகக் கல் வலிக்கு எது நல்லது?

கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது, இதில் தெரியும். ஆனால் இளம் வயதினருக்கும், முன்பே கல் வந்து பழகியவர்களுக்கும் அல்ட்ராசவுண்டில் தொடங்கலாம். 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கற்கள் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் ‘கல் வலி’ வந்தால் மட்டும் எனக்கு உறுத்தும். வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் பலூன்போல் வீங்கிக் கசியும்போதும் அதே இடத்தில்தான் வலிக்கும்.

கணைய அழற்சி என்றார்கள். ஆனால் முதல் நாளே சி.டி. எடுக்கவில்லை. அலட்சியமா?

அலட்சியம் இல்லை. வலியின் தன்மையும், ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் என்ற கணைய நொதி இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பதுமே நோயை உறுதிப்படுத்தப் போதும். கணையத் திசு எவ்வளவு அழுகியிருக்கிறது என்பது சுமார் மூன்று நாள் கழித்தே சி.டி.யில் சரியாகத் தெரியும். முன்பே எடுத்தால் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். காரணம் பித்தப்பைக் கல்லா என்று பார்க்க முதல் நாளே அல்ட்ராசவுண்ட் செய்வார்கள்.

வலிக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் மறைந்துவிடும் என்று போட மறுக்கிறார்கள்.

பழைய காலத்து எண்ணம் அது. வலி மருந்து கொடுத்தால் நோய் கண்டறிவது தவறிப்போவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வலி சற்றுத் தணிந்தவர் நன்றாக ஒத்துழைப்பார்; என் படமும் தெளிவாக வரும். மரியாதையோடு கேட்டுப் பெறுங்கள். ஆனால் வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு இரவை ஓட்டிவிடுவது வேறு விஷயம்.

ரிப்போர்ட்டில் ‘கொழுப்பு படிந்த கல்லீரல்’, ‘சிறுநீரகத்தில் நீர்க்கட்டி’ என்று இருக்கிறது. அதனால்தான் வலியா?

பெரும்பாலும் இல்லை. அவை வலியைத் தேடப்போன இடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டவை. அவற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு உண்மைக் காரணத்தைத் தேடாமல் நிறுத்தினால்தான் தொல்லை. ‘நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்று நாங்கள் எழுதும் வரியைப் பலர் தப்பித்துக்கொள்ளும் வரி என்று நினைக்கிறார்கள். நான் அதை எழுதும்போது, என் படம் மட்டும் போதாது, அவர் வயிற்றில் கை வைத்தவர் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

காலையில் ஸ்கேனுக்குக் கிளம்பும்போது வலி சட்டென்று விட்டுவிட்டது. இனி போக வேண்டுமா?

போங்கள். கல் சிறுநீர்ப்பைக்குள் விழுந்ததால் விட்டிருக்கலாம். அது நல்ல செய்தி. ஆனால் விறைத்திருந்த குடல்வால் வெடித்து, உள்ளே இருந்த அழுத்தம் இறங்கியதாலும் இப்படி விடும். அந்தச் சுகம் சில மணி நேரமே நிற்கும். பிறகு வலி ஓரிடத்தில் நிற்காமல் வயிறு முழுவதும் பரவும், காய்ச்சல் ஏறும், நாடி வேகமாக ஓடும். வலி எந்த மணிக்குத் தொடங்கியது, எந்த மணிக்கு விட்டது என்று ஒரு தாளில் எழுதி, பழைய படங்களோடு அதையும் கொண்டுவந்து மருத்துவர் கையில் கொடுங்கள்.